சிங்கப்பூரில் சம்பளப் பாக்கி: எப்போது, எங்கே புகார் கொடுப்பது?

கட்டுமான வேலை, இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை, ஓடியும் (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) கணக்கில் சேரவில்லை, பாஸ்போர்ட் முதலாளியிடம், புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். இதுதானே கேள்வி?

முதலில் நாள் கணக்கு, ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுத்தால் கடைசி 12 மாதப் பாக்கியைத்தான் கேட்க முடியும், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி பணம் என்பது சட்டம். ஓடிக்கு அடிப்படைச் சம்பளத்தின் மணிக்கணக்கில் குறைந்தது ஒன்றரை மடங்கு.

புகார் போவது டி.ஏ.டி.எம் (TADM) என்ற, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்புக்கு. முதலில் சமரசப் பேச்சு, சரிவரவில்லை என்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து 4 வாரத்துக்குள் வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். அங்கே வக்கீல் கிடையாது, முதலாளிக்கும்தான்.

பேஸ்லிப், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பேஸ்லிப்பே தரவில்லையா, அதுவும் தனி விதிமீறல். தினமும் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்கி முடித்தீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதினாலும் உதவும்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது தவறு, மனிதவள அமைச்சிடம் சொல்லலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் கேளுங்கள். அப்புறம், புரியாத தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.