மீன்தூளை நிறுத்தினால் மீன் ஏன் வளர மறுக்கிறது?

கேள்வி: அரை ஏக்கர் குளத்தில் ரோகு, கட்லா, திலேப்பியா கலந்து வளர்க்கிறேன். தீவனத்தை நானே அரைத்துக்கொள்கிறேன். முன்பு 100 கிலோவுக்கு மீன்தூள் 15 கிலோ, கடலைப் புண்ணாக்கு 35 கிலோ, எண்ணெய் நீக்கிய தவிடு 50 கிலோ. மீன்தூள் கட்டுப்படியாகாததால் அதை நிறுத்திவிட்டு, புரதம் குறையாதபடி கணக்குப் போட்டு கடலைப் புண்ணாக்கை 55 கிலோ ஆக்கினேன். தவிடு 45 கிலோ. இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. தீவனம் மிச்சமாகிறது. தண்ணீர் கடும் பச்சையாகி, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. கருப்பு சிப்பாய் ஈயின் புழுவோ அசோலாவோ போட்டால் சரியாகுமா?

பதில்: புழு ஓரளவு உதவும். நீரில் மிதக்கும் அசோலாப் பெரணி இந்தக் குறையைத் தீர்க்காது. ஆனால் உங்கள் குளத்தில் மீன்தூள் இல்லாமலே மீன் வளர்க்க முடியும். கெண்டையும் திலேப்பியாவும் மீன்தூளைக் கேட்பதில்லை, அதற்குள் இருக்கும் சில பொருள்களைத்தான் கேட்கின்றன. அந்தப் பொருள்களை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

புரதக் கணக்கில் நீங்கள் தவறவில்லை. பழைய கலவையிலும் புதிய கலவையிலும் புரதம் 30 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. இடறியது லைசின் என்ற அமினோ அமிலத்தில். புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை தசையாக மாறாது. சாதாக் கெண்டையின் தேவை, தீவனப் புரதத்தில் சுமார் 5.7 சதவீதம் லைசின். ரோகு, கட்லாவுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதாவது 28 சதவீதப் புரதத் தீவனத்தில் 1.6 சதவீதம் லைசின் வேண்டும். உங்கள் பழைய கலவையில் ஏறக்குறைய 1.4 இருந்தது, குளத்து மிதவை உயிரிகள் மிச்சத்தை ஈடுகட்டின. புதிய கலவையில் 1.1 தான். இந்த லைசினை வைத்து மீனால் 19 சதவீதப் புரதத்தை மட்டுமே பயன்படுத்த முடியும். மூட்டையில் 30 இருந்தாலும் மீனுக்கு அது 19 சதவீதத் தீவனம்தான்.

மிச்சப் புரதம் வீணாகிறது என்பதோடு போவதில்லை. மீன் அதை எரித்து, நைட்ரஜனைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அந்த அம்மோனியா பாசிக்கு உரம். பகலில் பச்சை கட்டும் பாசி இரவு முழுக்கச் சுவாசித்து ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. மிச்சத் தீவனம் அடியில் அழுகி அதைக் கூட்டுகிறது. விடியலில் மீன் வாய் பிளப்பதும் எடை ஏறாததும் ஒரே கோளாறின் இரு முகங்கள். புதுக் கலவை தயாராகும்வரை தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். வாய் பிளக்கும் நாளில் போடவே வேண்டாம்.

மீன்தூளோடு வேறு மூன்றும் வெளியேறிவிட்டன: மீனைத் தீவனத்துக்கு இழுக்கும் வாசனை, எலும்பிலிருந்து வரும் பாஸ்பரஸ், மீன் கொழுப்பு. இனி எந்த மாற்றுப் புரதத்தைப் பார்த்தாலும் இந்த நான்கில் எதை அது நிரப்புகிறது என்று கேளுங்கள். நான்கையும் ஒருசேர நிரப்பும் ஒற்றைப் பொருள் கிடையாது.

முதுகெலும்பாக இருக்க வேண்டியது சோயாப் புண்ணாக்கு. புரதம் 44 முதல் 48 சதவீதம், லைசின் 2.8 சதவீதத்துக்கு மேல். கடலைப் புண்ணாக்கில் அதில் பாதிதான். ஆலையில் எண்ணெய் எடுத்து வறுத்து வரும் சரக்கை மட்டும் வாங்குங்கள். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. பச்சை அவரை வாடை அடித்தால் வறுபடவில்லை. கரும்பழுப்பு நிறத்தில் இருந்தால் அளவுக்கு மீறி வறுபட்டு லைசினே கெட்டிருக்கும். இளம் பொன்னிறம் சரியானது. சோயாவின் பலவீனம் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். எள்ளுப் புண்ணாக்கில் அது தாராளம், ஆனால் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது மூடும்.

கடலைப் புண்ணாக்கைக் கைவிட வேண்டாம், 12 முதல் 15 கிலோவுக்குள் நிறுத்துங்கள். அதன் உண்மையான ஆபத்து பூஞ்சை. ஈரம் ஏறிய புண்ணாக்கில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு உருவாகும், ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பூஞ்சை படிந்த கட்டியை உடைத்து நல்லதோடு கலந்து ஒப்பேற்றுவதுதான் பண்ணைகளில் நடக்கும் மிக மோசமான சிக்கனம்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்போல் என்ற நச்சு லைசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், சினை மீனுக்குத் தவிர்ப்பது நல்லது. கடுகுப் புண்ணாக்குக்கும் அதே உச்சவரம்பு. எண்ணெய் நீக்காத பட்டுப்புழுக் கூட்டுப்புழு சீக்கிரம் சிக்கெடுத்து மீன் இறைச்சியிலும் வாடை ஏற்றும். கோழி இறகுத் தூளில் புரதம் 80 சதவீதத்துக்கு மேல் என்பார்கள். உண்மைதான். ஆனால் உயர் அழுத்த நீராவியில் வேகாத இறகு மீன் வயிற்றில் செரிக்காது, அப்படியே வெளியே போகும். வீட்டில் வேகவைத்து அரைப்பது வீண் வேலை.

அசோலாவுக்கு ஒரு சின்னக் கணக்கு. உலர்ந்த அசோலாவில் புரதம் 20 முதல் 25 சதவீதம். பச்சை அசோலாவில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆக, ஒரு கிலோ பச்சை அசோலாவில் புரதம் சுமார் 15 கிராம். நீங்கள் நிறுத்திய 15 கிலோ மீன்தூளின் புரதத்தை ஈடுகட்ட 550 கிலோ பச்சை அசோலா வேண்டும். திலேப்பியாவுக்கும் புல் கெண்டைக்கும் பச்சைத் தீனியாகத் தனியே போடலாம், அது உபரி. மீன் குளத்திலேயே வளர்க்காதீர்கள். மேற்பரப்பு மூடிக்கொண்டால் ஏற்கெனவே திணறும் குளம் இன்னும் திணறும்.

இனி புழு. கருப்பு சிப்பாய் ஈயின் புழு, நான்கு பள்ளங்களில் இரண்டரையை நிரப்பும்: லைசின் ஓரளவு நல்லது, வாசனை உண்டு, கொழுப்பு உண்டு. உலர்ந்த முழுப் புழுவில் ஆய்வகச் சீட்டு 40 சதவீதப் புரதம் காட்டும். ஆய்வகம் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். புழுவின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், புழுவுக்கு 4.76 ஆல் பெருக்குவதே சரி. 40 என்பது அப்போது 30 ஆகிறது. மீன்தூளுக்குக் கிலோவுக்குக் கிலோ மாற்று என்று நினைத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். கொழுப்பு 25 முதல் 35 சதவீதம் இருப்பதால் எண்ணெய் பிழியாத புழுவை 8 முதல் 10 கிலோவுக்கு மேல் சேர்த்தால் குருணை பிடிக்காமல் உதிரும்.

நீங்களே வளர்ப்பதானால்: 100 கிலோ ஈரக் கழிவு 15 முதல் 20 கிலோ உயிர்ப் புழு தரும், உலர்ந்தால் 5 முதல் 7 கிலோ. கீழே உள்ள கலவையின் 8 கிலோவுக்கு 120 முதல் 150 கிலோ கழிவு வேண்டும். கூட்டத்தில் பத்தில் ஒரு புழு கருக்கத் தொடங்கியதும் அறுவடை செய்யுங்கள். எல்லாம் கருத்தபின் எடுத்தால் கைட்டின் கூடி செரிமானம் குறையும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, 60 டிகிரி அளவில் உலர்த்துங்கள். முக்காமல் வெயிலில் போட்டால் கருத்து, நாறி, கொழுப்பு சிக்கெடுக்கும். காட்மியம் போன்ற கன உலோகங்கள் கழிவிலிருந்து புழுவில் சேரும். சாக்கடைக் கசடு, ஆலைக் கழிவு பக்கமே போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையில் மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், புழு எதைத் தின்னலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்தது.

28 சதவீதப் புரதத்துக்கான கலவை, 100 கிலோவுக்கு:

சோயாப் புண்ணாக்கு 30 கிலோ
கடலைப் புண்ணாக்கு 12 கிலோ
எள்ளுப் புண்ணாக்கு 8 கிலோ
உலர்ந்த புழுத் தூள் 8 கிலோ
எண்ணெய் நீக்கிய தவிடு 25 கிலோ
மக்காச்சோள மாவு 9.7 கிலோ
மரவள்ளி மாவு 2 கிலோ
எண்ணெய் 2 கிலோ (முடிந்தால் பாதி மீன் எண்ணெய்)
மோனோ கால்சியம் பாஸ்பேட் 1.5 கிலோ
தாது, வைட்டமின் கலவை 1 கிலோ
உப்பு 500 கிராம்
லைசின் ஹைட்ரோகுளோரைடு 200 கிராம்
மெத்தியோனின் 100 கிராம்

மூலப்பொருள்களிலிருந்து லைசின் சுமார் 1.48 சதவீதம் வரும்; அந்த 200 கிராம் அதை 1.6-க்கு மேல் தூக்குகிறது. புழு கிடைக்காத மாதத்தில் சோயாவை 36 ஆக்கி, எண்ணெயை 4 ஆக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட்டில் ‘மோனோ’ என்று எழுதியிருப்பது காரணத்தோடுதான். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, அமிலமும் சுரக்காது. எளிதில் கரையும் மோனோ கால்சியம் பாஸ்பேட்டையே அது நன்றாக உறிஞ்சும். டை கால்சியம் அந்த அளவு உதவாது. தவிடு, புண்ணாக்குகளில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. பாஸ்பரஸ் குறைந்தால் பசி குறையும், முதுகெலும்பு வளையும். அதேபோல, தூளாகச் சேர்க்கும் லைசினை மீன் சட்டென்று உறிஞ்சி, மற்றவை செரித்து வருமுன் எரித்துவிடும். ஒரே வேளையாகக் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துப் போட்டால் இந்த இழப்பு குறையும்.

எல்லாவற்றையும் அரை மில்லிமீட்டருக்குள் மாவாக அரையுங்கள். மரவள்ளி, மக்காச்சோள மாவுகளைக் கஞ்சியாக வேகவைத்துப் பிசைந்தால்தான் பிடிப்பு வரும். வைட்டமின், அமினோ அமிலம், எண்ணெயை ஆறியபிறகு சேருங்கள். காய்ந்த குருணையைத் தண்ணீரில் போட்டால் அரை மணி நேரமாவது கரையாமல் இருக்க வேண்டும்.

வாசனைக் குறைக்கு மலிவான மருந்து மீன் கழிவு ஊறல். குடலையும் தலையையும் செதில் நீக்கிய துண்டுகளையும் நன்றாகக் கொத்தி, பிளாஸ்டிக் பீப்பாயில் 100 கிலோவுக்கு 3 கிலோ பார்மிக் அமிலம் கலந்து, நாள்தோறும் கிளறுங்கள். இரும்புப் பாத்திரம் அரிக்கும். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெயில் காலத்தில் சில நாள்களில் கூழாகும். அமிலத் தாளில் பிஎச் 4-க்குக் கீழே இருக்க வேண்டும்; எலும்பு நிறைய இருந்தால் அது மெல்ல ஏறும், அப்போது இன்னும் அரைக் கிலோ அமிலம். 4-ஐத் தாண்டி நாற ஆரம்பித்துவிட்டால் கொட்டிவிடுங்கள். நல்ல ஊறலைக் கொதிக்கவைத்து, தவிட்டில் பிசிறி உலர்த்தி, தீவனத்தில் 5 சதவீதம் சேர்த்தாலே மீன் தீவனத் தட்டைத் தேடி வரும். வளர்க்கும் இனத்தின் கழிவையே அந்த இனத்துக்குக் கொடுக்காதீர்கள். நோய் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வாங்கும்போது புரத எண்ணை மட்டும் நம்பாதீர்கள். யூரியா கலந்தாலும் நைட்ரஜன் கூடும், சீட்டில் புரதம் கூடும். 2007-இல் கோதுமைப் புரதம் என்ற பெயரில் மெலமைன் கலந்த சரக்கு வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனங்களிலும் மீன் தீவனத்திலும் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். யூரியாவைக் களத்திலேயே பிடிக்கலாம். பச்சைச் சோயா மாவில் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் நொதி இருக்கிறது. சந்தேகச் சரக்கு இரண்டு கரண்டியோடு ஒரு கரண்டி பச்சைச் சோயா மாவும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரும் கலந்து, மூடியின் உட்புறம் ஈரச் சிவப்பு லிட்மஸ் தாளை ஒட்டி மூடுங்கள். அரை மணியில் தாள் நீலமானால் யூரியா. பழைய மீன்தூள் தானாகவே அம்மோனியா விடும் என்பதால், சோயா மாவு போடாத இன்னொரு குடுவையையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் நீலமானால் சரக்கு அழுகியது. எப்படியும் வாங்கக் கூடாது. மெலமைனை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு ஆய்வகம்தான்.

விரால் வளர்க்கும் எண்ணம் இருந்தால் இந்தக் கலவை அதற்கு ஆகாது. அது ஊனுண்ணி, 40 சதவீதத்துக்கு மேல் புரதம் கேட்கும். அங்கே மீன்தூளில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவதோடு தொடங்குங்கள்.

புதுத் தீவனத்துக்கு மாறும்போது மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்காகக் கூட்டி, 12 நாளில் முழுமையாக்குங்கள். கண்மூடிக் குளம் முழுக்க மாற்றவும் வேண்டாம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் வலைத்தொட்டிகள் ஆறு கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள 20 மீன் குஞ்சுகள் விடுங்கள். மூன்றில் மீன்தூள் தீவனம், மூன்றில் புதியது. நாளொன்றுக்கு உடல் எடையில் 4 சதவீதம், மூன்று வேளையாகப் பிரித்து. 15 நாளுக்கு ஒருமுறை எடை பார்த்து அளவைத் திருத்துங்கள். ஆறு வாரம் கழித்துப் போட்ட தீவனத்தை ஏறிய எடையால் வகுங்கள். புதிய தீவனத்தின் விகிதம் பழையதைவிட 10 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்து, கிலோ மீனுக்கான தீவனச் செலவு குறைந்திருந்தால் குளம் முழுக்க மாற்றலாம். தட்டில் முக்கால் மணிக்குப் பிறகும் தீவனம் மிஞ்சினால் குறை வாசனையில், ஊறலைக் கூட்டுங்கள். தின்று தீர்த்தும் எடை ஏறவில்லை என்றால் சோயா சரியாக வறுபட்டதா என்பதை முதலில் பாருங்கள்.