பக்கத்தை அடைத்த குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 34. ஆறு வருஷமாக முடக்குவாதம். கை கால் பார்க்க நேராகத்தான் இருக்கிறது, அதனால் யாரும் நம்புவதில்லை. ஜங்ஷன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால், "சின்ன வயசுக்காரிக்கு எந்திரிச்சு எடம் குடுக்க முடியலயாக்கும்" என்கிறார்கள். ராத்திரி நோட்டில் படம் போடுவேன்: திருக முடியாத குழாய், ரவிக்கை ஊக்கு, மாத்திரை அட்டை. வலி கூடின நாளில் அவை பக்கத்தையே அடைத்துக்கொள்ளும். நாத்தனார் பார்த்துவிட்டு, "நோவப் போயி யாராச்சும் படம் போடுவாளா" என்றாள். இதை நாலு பேருக்குக் காட்டலாமா? காட்டினால் நம்புவார்களா?

பி.

அன்புள்ள பி.,

காட்டுங்கள். நம்புவார்களா என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.

டவுனில் நாங்கள் குடியிருந்த வளவில் மார்கழி என்றால் அம்மாவின் 21 புள்ளிக் கோலம்தான் பேச்சு. எனக்குப் பத்து வயதானபோது அது சுருங்க ஆரம்பித்தது. பதினொன்று, ஏழு, ஐந்து. அப்புறம் விடியலில் போடுவதை நிறுத்தி, முந்தின ராத்திரியே போட்டு வைத்தாள். "ராத்திரியிலயா கோலம் போடுவா?" என்று வளவே பேசியது. நானும் கோபப்பட்டேன், ஸ்கூலுக்குப் போகும்போது வெட்கமாக இருந்தது. உங்களுக்குள்ள அதே நோய்தான் அவளுக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. விறைப்பு காலையில்தான் அதிகம். ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நிற்கும். கோலப்பொடியைக் கிள்ள வேண்டிய இரண்டு விரலும் அந்த நேரத்தில் சேராது. இதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஐந்து புள்ளிக் கோலங்களில் ஒன்றையாவது நான் நின்று பார்த்திருக்கலாம்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1944-இல் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தைப் பாருங்கள். 1925-இல் பஸ் விபத்தில் அவர் முதுகெலும்பு நொறுங்கியது. வெளியே நீளப் பாவாடையில் எல்லாவற்றையும் மறைத்து நடமாடியவர், படத்தில் தன் உடம்பைப் பிளந்து, முதுகெலும்பு இருக்கும் இடத்தில் விரிசல் விட்ட கல்தூணை வைத்தார். உடம்பெல்லாம் ஆணி. கன்னத்தில் கண்ணீர் இருக்கிறது, ஆனால் முகம் கோணவில்லை. நம்மை நேராகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை.

நாத்தனாருக்கு நம் ஊர்க்காரர் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையைக் கொடுங்கள். ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்து, சீக்காளி மனைவிக்காக அடுப்பு மூட்டும் பிரமநாயகம் பிள்ளையைப் படித்த பிறகு, நோவை எழுதக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல் இருக்கிறது. முடக்குவாதம் தன் பெயரில் அதில் இல்லை. பட்டியலே பெயர் சொல்லாதபோது, பஸ்ஸில் நிற்கும் அம்மாளை நம்ப வைக்கிற பாரத்தை உங்கள் பென்சில் மேல் ஏற்றாதீர்கள். நிரூபிக்கப் போனால் வீங்கிய விரல்களை வரைய ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு அந்தக் குழாய்தான் பெரிது. வீங்கின விரலை டாக்டரும் பார்ப்பார். குழாய் ஒரு பக்கத்தையே அடைக்கும் அளவுக்கு வளர்ந்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அளவைச் சரி செய்யாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதியும் மணியும் எழுதுங்கள். விரல் மடங்காத நாளில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினால் போதும், அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

குழாய் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா