நெல்லின் காவலும் மேற்கோள் கணக்கும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தாவர உயிரியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு கைடு தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் பார்த்தோம். பாதி நோயெதிர்ப்பியல், பாதி தாவர அறிவியல். முதல் வகையில் ஒரு கட்டுரைக்கே ஆயிரம் சைட்டேஷன், அதாவது மற்ற ஆய்வாளர்கள் காட்டிய மேற்கோள், இருக்கிறது. செடிகளைப் பற்றிய எதுவும் நூறைத் தாண்டவில்லை. ‘செடிப் பக்கம் அவர் சோடை போலிருக்கிறது’ என்கிறார் என் கணவர். இந்தக் கணக்கை நம்பலாமா? அதோடு, செடிக்கும் நோயெதிர்ப்பு என்று ஒன்று உண்டா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உண்டு. செடிக்கு ரத்தம் இல்லை, நம்மைப்போல ஊர்சுற்றிக் காவல் காக்கும் வெள்ளணுக்கள் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பக்கத்து வயல்களிலேயே பார்த்திருப்பீர்கள்: இலையின் ஓரம் வைக்கோல் நிறமாகி நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். பாக்டீரியா இலைக்கருகல். மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றுக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இருந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினம் செய்து அந்தக் குணத்தைப் பயிர்நெல்லுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணமான எக்ஸ்ஏ21 என்ற மரபணுவை 1995-ல் பிரித்தெடுத்தது கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பமீலா ரொனால்டின் குழு. அது உண்டாக்கும் புரதத்தின் ஒரு பாதி செல்லுக்கு வெளியே நின்று கிருமியை அடையாளம் காண்கிறது; மறுபாதி உள்ளே தகவல் சொல்கிறது.

அடுத்த ஆண்டே பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகம், பழ ஈயைப் பூஞ்சையிலிருந்து காப்பது டோல் என்ற புரதம் என்று காட்டியது. 1998-ல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் உறவுப் புரதத்தைக் கண்டார். நெல், ஈ, எலி மூன்றின் புரதத்திலும் செல்லுக்கு வெளியே நிற்கும் பகுதி ஒரே மாதிரி அடுக்கடுக்கான அமைப்பு. இதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்னும் போகவில்லை. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரொனால்டும் பாய்ட்லரும் சேர்ந்து, செடியும் விலங்கும் கிருமியை உணரும் விதத்தை ஒப்பிட்டு ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை எந்தத் துறைக் கணக்கில் எழுதுவது?

இனி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். மருத்துவத்தை ஒட்டிய துறைகளில் ஆய்வாளர்கள் அதிகம், அதனால் கட்டுரைகளும் அதிகம். நெல் நோயில் ஒரு பாக்டீரியாவை மட்டும் துரத்துகிறவர்கள் ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அங்கே நூறு பேர் மேற்கோள் காட்டினால், அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் படித்துவிட்டார்கள் என்றே அர்த்தமாகலாம். ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை ஒரே எண்ணாகச் சுருக்கும் ஹெச்-இண்டெக்ஸை 2005-ல் முன்வைத்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் தாமே, உயிரியல்காரர்களின் எண் இயற்பியல்காரர்களுடையதைவிட மிக உயர்ந்திருப்பதைச் சொல்லித்தான் வைத்தார். ஒரே ஆளின் இரண்டு துறை எண்களை ஒரே தராசில் வைப்பதும் அதே தவறுதான்.

எண் சொல்லாத இன்னொன்று உண்டு. எக்ஸ்ஏ21 எந்த மூலக்கூறை அடையாளம் காண்கிறது என்று ரொனால்டின் குழு 2009-ல் அறிவித்தது. பிறகு ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களால் அதே முடிவை மீண்டும் எடுக்க முடியவில்லை. தோண்டிப் பார்த்தால், ஆய்வகத்தில் வைத்திருந்த பாக்டீரியா வகைகள் பெயர் மாறிக் கலந்துபோயிருந்தன. நம்பிய சோதனை ஒன்றும் சரியில்லை. வெளியார் யாரும் குற்றம் சாட்டும்வரை அவர் காத்திருக்கவில்லை. 2013-ல் இரண்டு கட்டுரைகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். சரியான மூலக்கூறை 2015-ல் அதே ஆய்வகம் கண்டுபிடித்தது. ஒரு கட்டுரையைப் புகழ்ந்து காட்டிய மேற்கோளும், இது தவறு என்று சொல்லக் காட்டிய மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான். என் மகளாக இருந்தால், தவறைத் தானே சொன்ன அப்படியொரு ஆய்வகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன்.

நம் வயலுக்கும் இது வந்து சேர்ந்தது. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்கிறோமே, அந்த பிபிடி 5204 ரகத்துக்குள் எக்ஸ்ஏ21-ஐயும் வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் கலப்பினம் செய்தே சேர்த்து, ஹைதராபாதின் நெல் ஆராய்ச்சியாளர்களும் அங்குள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமும் உருவாக்கிய ரகம் 2008-ல் வெளியானது. அதை விதைத்த விவசாயி யாரையும் மேற்கோள் காட்டப் போவதில்லை.

ஆகவே பட்டியலை மூடி வைத்துவிட்டு, அந்தப் பேராசிரியரின் செடிக் கட்டுரைகளில் இரண்டை உங்கள் மகள் முழுதாகப் படிக்கட்டும். அவரிடம் ஆய்வு செய்த பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று விசாரிக்கட்டும். முடிந்தால் நேரில் போய், எதிர்பார்த்தபடி வராத சோதனை ஒன்றைப் பற்றி அவரிடமே கேட்கட்டும். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.