ஆய்வில் கலந்துகொள்பவரிடம் சம்மதம் வாங்கி, பெயரையும் மறைத்துவிட்டால் போதாதா? அதற்கு மேல் உளவியல் ஆய்வில் என்ன அறச்சிக்கல்?

போதாது. போதும் என்று நினைத்து நானே ஓர் ஆய்வு செய்தவன்தான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எம்.எஸ்சி. உளவியல், கடைசி வருடம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் தனியார் பள்ளி மாணவர்களுக்கும் நுண்ணறிவில் வித்தியாசம் உண்டா என்பது ஆய்வேட்டுத் தலைப்பு. பள்ளிக்கு நாற்பது பேர், எட்டாம் வகுப்பு, ரேவன் மேட்ரிசஸ் என்ற வடிவப் புதிர்த் தேர்வு. பெற்றோர் கையெழுத்து, தலைமை ஆசிரியர் அனுமதி எல்லாம் பக்கா. விடைத்தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். தனியார் பள்ளியின் சராசரி அதிகமாக வந்தது. அது தற்செயல் வித்தியாசம் இல்லை என்று டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் கணக்குப் போட்டுக் காட்டினேன். வைவாவில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

ஒரு மரியாதைக்காக அரசுப் பள்ளிக்குப் போய் முடிவைச் சொன்னேன். கணக்கு ஆசிரியர் ஒருவர் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க சொல்லிக்குடுக்குறதுல குறை இல்லைன்னு ஆகுது தம்பி. பசங்க சரக்கே அவ்வளவுதான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, சாயங்காலம் காசு வாங்காமல் வகுப்பு எடுப்பவர். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது.

எந்த மாணவனின் ரகசியமும் வெளியே போகவில்லை. ஆனால் அடுத்த வருடம் அதே வகுப்பில் வந்து உட்காரும் பையன் என் தேர்வை எழுதியதே இல்லை. அவனிடமோ அவன் அம்மாவிடமோ யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவனுடைய ஆசிரியர் அவனைப் பார்க்கும் பார்வையில் மட்டும் என் ஆய்வு இருக்கும்.

இப்படிக் கலந்துகொள்ளாதவர்களையும் பாதிக்கக்கூடிய ஆய்வுகளின் அறச்சிக்கல்களைப் பற்றி ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1988இல் விரிவாக எழுதினார்கள். கலந்துகொள்பவரை நடத்தும் விதம் அவர்கள் சொன்னதில் ஒரு பகுதிதான். ஆய்வுக்கு எடுக்கும் கேள்வி, எந்த நிறுவனத்துக்காகச் செய்கிறோம், முடிவை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதெல்லாமும் கணக்கில் வரும். நான் சறுக்கியது கேள்வியிலேயே. "வித்தியாசம் உண்டா" என்று கேட்டால் உண்டு, இல்லை என்று இரண்டே பதில்தான் வரும். ஏன் என்பதை வாசிப்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். நான் தனியார் பள்ளியில் காலையில் கம்ப்யூட்டர் லேபில் தேர்வு வைத்தேன். அரசுப் பள்ளியில் மதியம் சத்துணவு முடிந்தபிறகு வராந்தாவில். இதை ஆய்வேட்டில் 'வரம்புகள்' என்ற பகுதியில் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

இதையே எனக்கு முன்னால் ஒருவர் பெரிய அளவில் செய்திருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. சிரில் பர்ட், இங்கிலாந்தின் உளவியலாளர். 1909இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பள்ளிகள், மொத்தம் 43 பையன்கள். ஒன்று வசதியானவர்களின் பிள்ளைகள் படித்தது, மற்றது சாதாரணத் தொடக்கப் பள்ளி. மேல்தட்டுப் பையன்கள் நன்றாகச் செய்தார்கள், அது பிறவித் திறமை என்று எழுதினார். அப்புறம் லண்டன் கவுண்டி கவுன்சிலின் உளவியலாளர், அரசுக் குழுக்களுக்கு ஆலோசகர், 1946இல் சர் பட்டம். குழந்தையின் அறிவுத்திறன் கடைசியில் எந்த மட்டத்தை எட்டும் என்று சிறு வயதிலேயே ஓரளவு கணிக்கலாம் என்றது பள்ளிக் கல்வி பற்றிய 1938இன் ஸ்பென்ஸ் குழு அறிக்கை. அந்தக் குழுவுக்கு பர்ட்டும் கருத்துக் கொடுத்திருந்தார்.

1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு 'லெவன் பிளஸ்' தேர்வு நாடெங்கும் பரவியது. பதினொரு வயதில் ஒரு தேர்வு. தேறினால் படிப்பில் கெட்டிக்காரர்களுக்கான கிராமர் பள்ளி, அங்கிருந்து பல்கலைக்கழகம். தேறாத பெரும்பான்மைக்கு செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி. ஒரு வட்டாரத்தில் கிராமர் பள்ளி இடங்கள் எத்தனையோ, அத்தனை பேர்தான் அங்கே 'அறிவாளிகள்'. சில இடங்களில் பெண்களுக்கான இடங்கள் குறைவு என்பதால் பெண் பிள்ளைகள் பையன்களைவிட அதிக மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. பிறவி அறிவை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே!

பாடப்புத்தகங்கள் இந்தக் கதையை "பர்ட் பொய்த் தரவு கொடுத்தார், அதனால் லெவன் பிளஸ் வந்தது" என்று சுருக்கிவிடும். கால வரிசை இடிக்கிறது. நுண்ணறிவு பிறவியிலேயே வருவது என்று காட்ட, பிரித்து வளர்க்கப்பட்ட ஒரே மாதிரி இரட்டையர்களின் மதிப்பெண்களை பர்ட் ஒப்பிட்டார். அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.771 என்று 1955இல் 21 ஜோடிகளை வைத்துச் சொன்னார், 1966இல் 53 ஜோடிகளை வைத்தும் அதே 0.771. ஜோடிகள் கூடியும் மூன்றாவது தசமம்கூட அசையவில்லை என்பதை அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின் 1970களில் பிடித்தார். அதற்குள் பர்ட் இறந்துவிட்டார். மோசடிதானா, அலட்சியமா என்று இன்றும் சண்டை உண்டு. ஆனால் அந்தக் கட்டுரைகளுக்குப் பல வருடம் முன்பே லெவன் பிளஸ் வந்துவிட்டது. தரவு சுத்தமாகவே இருந்திருந்தாலும் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அதே கதிதான். மோசடிக் கதை நமக்கு வசதி, ஒரு திருடனைக் காட்டிவிட்டு மற்றவர்களை விட்டுவிடலாம்.

சரி, அப்படியானால் இந்தப் பக்கமே போகக்கூடாதா? அதுவும் தப்பு. உளவியலாளர் ஸ்டீபன் சேசியும் கூட்டாளிகளும் 1985இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிக் குழுக்களுக்குக் கற்பனை ஆய்வுத் திட்டங்களை அனுப்பினார்கள். சமூகத்தில் சர்ச்சையைக் கிளப்பக்கூடிய திட்டங்கள் மற்றவற்றைவிட இரு மடங்கு நிராகரிக்கப்பட்டன, அவற்றில் நெறிமுறைக் குறை இல்லாதபோதும். பாகுபாட்டைத் தோண்டும் ஆய்வும் இந்த வலையில் மாட்டிக்கொள்ளும். ஒதுங்கிப் போவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் என்று சீபரும் ஸ்டான்லியும் சொன்னார்கள்.

இன்று செய்வதானால் அதே இரண்டு பள்ளிகளுக்கும் போவேன். காலையில் சாப்பிட்டாயா, இந்த மாதிரிப் புதிர்களை முன்னால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டு தொடங்குவேன். முடிவை எழுதும் முன் அந்தக் கணக்கு ஆசிரியரைக் கூப்பிட்டு, இதைப் படித்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது சார் என்று கேட்பேன்.

பழைய ஆய்வேடு ரெக்சின் அட்டையோடு துறை நூலகத்தில் இருக்கிறது. மாதிரிக்கு வேண்டும் என்று ஜூனியர்கள் எடுத்துப் பார்ப்பதாகக் கேள்வி.