கசின் என்றால் என்ன முறை?

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' எங்களுக்குப் பாடம். எலிசபெத்தின் கசின் காலின்ஸ் அவளைப் பெண் கேட்டு மூக்குடைபடுகிறான். பிறகு டார்சியும் கேட்டு மூக்குடைபட்டு, மறுநாள் காலை ஒரு நீளக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏன், தபாலில் போடக் கூடாதா? அந்தக் காலத்து வழக்கம், அந்தஸ்து எல்லாம் தெரிந்தால்தான் இந்த நாவல் புரியுமா?
– கல்லூரி மாணவி, கொருக்குப்பேட்டை

பதில்: தபாலுக்கு அப்புறம் வருகிறேன். 'கசின்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கொருக்குப்பேட்டையில் இருந்துகொண்டு!

இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை. இதே பக்கத்தில் முன்பே கத்தியிருக்கிறேன்; மறந்தவர்களுக்காக மறுபடியும் கத்துகிறேன். கசினுக்குத் தமிழில் சொல்லே இல்லை என்று ஒரு பேராசிரியர் எனக்குக் கடிதம் போட்டார். எப்படி இருக்கும்? அத்தை, மாமன், பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று ஆறு வீடு. வீட்டுக்கு ஒரு மகன், ஒரு மகள். ஆக 12 உறவு. பன்னிரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டி மேலே சீட்டு ஒட்டுவது அவருக்கு நாகரிகம்.

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாணம். ஒரு பையன் பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி "மை கசின்" என்றான். பந்திக்குக் காத்திருந்த ஆயா ஒருத்தி விடவில்லை. "அத்த பொண்ணா, பெரிம்மா பொண்ணா, சொல்லேன்பா. கட்டிக்கிற மொறையா, இல்லியா?" பையன் யோசித்தான். பெண் யோசிக்கவில்லை, நகர்ந்துவிட்டாள்.

அந்த ஆயாவுக்கு இந்த நாவலைப் படித்துக் காட்டினால் என்ன ஆகும்?

முதலில் காலின்ஸ். எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்ட் வரும் நிலம், ஐந்து பெண்கள், பையன் இல்லை. அவர் கண்ணை மூடினால் நிலமும் வீடும் தூரத்து உறவான காலின்ஸுக்குப் போகும். ஆயா உடனே சொல்லிவிடுவாள்: பங்காளி. பங்காளி என்றால் அண்ணன் முறை, பெண் கேட்டு வந்ததே தப்பு. ஆனால் ஆண்வழியில் போகிற சொத்துக்கு வாரிசு என்றால் அவன் பெயரும் பென்னட் என்றல்லவா இருக்க வேண்டும்? எங்கேயோ நடுவில் ஒரு பெண் வந்திருந்தால் மாமன் மச்சான் முறை ஆகிவிடும், தாராளமாகக் கேட்கலாம். ஆஸ்டின் இதைச் சொல்லவே இல்லை. அவர்கள் சட்டப்படி கசினைக் கட்டலாம். எந்த வீட்டுக் கசின் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது லேடி கேத்தரின். டார்சியின் அம்மாவோடு பிறந்தவள். பிள்ளைகள் தொட்டிலில் இருக்கும்போதே தன் மகள் டார்சிக்கு என்று பேசி வைத்தாயிற்றாம். வண்டி கட்டிக்கொண்டு வந்து எலிசபெத்தை மிரட்டுகிறாள். இந்த இடத்தில் ஆயா எழுந்து போய்விடுவாள். அக்கா தங்கை பிள்ளைகளுக்கா கல்யாணம்! எலிசபெத் நம்ம ஊர்ப் பெண்ணாக இருந்தால் "முறையே இல்லையேம்மா" என்று சொல்லி வாசல் வரை கொண்டுபோய் விட்டிருப்பாள். அங்கே அந்த வாதம் செல்லாது. அதனால்தான் அவள் 'அவர் ஜென்டில்மேன் (நிலபுலன் உள்ள மேல்தட்டு ஆள்), நான் ஜென்டில்மேன் மகள், அந்த மட்டில் நாங்கள் சமம்' என்று அந்தஸ்துக் கணக்கில் பேச வேண்டியிருக்கிறது. முறை பார்க்காத ஊரில் வரும்படியும் விலாசமும் பார்ப்பார்கள். (நாம் மூன்றையும் பார்த்துவிட்டுச் சாதியையும் பார்ப்போம். அந்தப் பெருமை நமக்கு வேண்டாம்.)

விலாசம் என்றதும் என் இன்னொரு புண். எலிசபெத்தின் தாய்மாமன் கார்டினர் லண்டனில் வியாபாரி. வீட்டிலிருந்து பார்த்தால் அவருடைய கிடங்கு தெரியும். இருப்பது கிரேஸ்சர்ச் தெரு, வியாபாரிகள் பேட்டையான சீப்சைடு பக்கம். டார்சியின் நண்பன் பிங்லியின் சகோதரிகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் அப்பா சம்பாதித்ததும் வியாபாரத்தில்தான், அது மறந்துவிட்டது. எனக்கு மறக்காது. அடையாறிலிருந்து வடசென்னைக்கு என் நண்பர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "ஸ்டான்லி ஆஸ்பத்திரியையும் தாண்டிப் போகணுமா?" என்று போனில் கேட்டார்கள். வந்து உட்கார்ந்ததும், காற்றடித்தால் காசிமேட்டு மீன் வாசனை வருமா என்று கேட்டார்கள். வரும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சட்டியிலும் அதே வாசனைதான் வரும். சென்னை இலக்கியக் கூட்டங்கள் ஏன் பாரிமுனையைத் தாண்டி வருவதில்லை என்பதையும் இங்கேயே கேட்டிருப்பேன். போன இதழில்தான் கேட்டேன்.

கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கும் அந்த மாமனும் மாமியும்தான் அந்தப் புத்தகத்திலேயே ஒழுங்கான மனிதர்கள். எலிசபெத்தை டார்சியின் ஊர்ப் பக்கம் கூட்டிப்போய், கல்யாணம் கூடிவர வழிசெய்வதும் அவர்களே. தாய்மாமன் இல்லாமல் அங்கேயும் காரியம் நடக்கவில்லை, பாருங்கள்.

சரி, தபால். கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எழுதினால் நிச்சயமாகிவிட்டது என்றே ஊர் முடிவு கட்டும். 1840 வரை அங்கே தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுப்பார். எலிசபெத் அப்போது தங்கியிருந்தது யார் வீட்டில்? அவள் தோழியைக் கட்டிக்கொண்ட அதே காலின்ஸ் வீட்டில்! டார்சி தபாலில் போட்டிருந்தால், காலின்ஸ் காசு கொடுத்து வாங்கி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தனக்குப் படியளக்கும் லேடி கேத்தரினிடம் ஓடியிருப்பான். ஆண்டுக்கு 10,000 பவுண்ட் வருமானமுள்ள மனிதன் காலங்காத்தாலே தோப்பில் காத்து நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ஆஸ்டினுக்குச் சொந்த அத்தை ஒருத்தி உண்டு, பிலடெல்பியா என்று பெயர். அப்பா அம்மா இல்லாத பெண். கல்யாணத்துக்காகக் கப்பலேறி 1752-ல் வந்து இறங்கியது நம்ம மெட்ராஸில். அப்போது துறைமுகம் ஏது? கப்பல் தூரத்தில் நின்றுவிடும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, நம் ஆட்கள் துடுப்புப் போட, தொப்பலாக நனைந்து கரை சேர வேண்டும். மறுவருஷமே கடலூரில் ஹான்காக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. அவள் மகள் எலிஸா, முதல் கணவனைப் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினுக்குப் பறிகொடுத்து, 1797-ல் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியைக் கட்டிக்கொண்டாள்.

அத்தை மகள். ஆயாவிடம் கேட்டால் முறை சரி என்பாள். பெண் பத்து வயது மூத்தவள் என்பதை மட்டும் பந்தி முடிந்த பிறகு சொல்லலாம்.