தாடை ‘டக்’ என்கிறது, பல்லை ராவச் சொல்கிறார்கள்

கேள்வி: எனக்கு வயது 26. ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தேன். அங்குள்ள பாடசாலையிலேயே ஆசிரியையாக இருக்கிறேன். வாயைத் திறக்கும்போது வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. இது ஒரு வருடமாக இருக்கிறது. மூன்று மாதமாக வலியும் சேர்ந்துகொண்டது. காலையில் எழும்பும்போது தாடை இறுகிப்போய் இருக்கும். இன்னும் ஐந்து மாதத்தில் கல்யாணம். மேல் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி, பற்கள் மஞ்சள் வேறு. டவுனில் ஒரு பல் கிளினிக்கில் காட்டினேன். மேலே ஆறு பற்களை ராவி உறை போட்டால் சிரிப்பும் அழகாகும், கடி சரியாகித் தாடை வலியும் போகும் என்றார்கள். லட்சக்கணக்கில் செலவு. “என் ஈ.பி.எஃப். காசை எடுத்துக்கோ” என்கிறார் அம்மா. அவர் கொழுந்து பறித்தவர், வயது 53. அவருக்கும் கொஞ்ச நாளாக வாய் சரியாகத் திறப்பதில்லை. இது பரம்பரை வியாதியா டொக்டர்? நான் உறை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உறை போட வேண்டாம். அம்மாவின் காசில் கைவைக்கவும் வேண்டாம். உங்கள் சிரிப்புக்கு வழி இருக்கிறது, தாடைக்கும் வழி இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு காரியங்கள். தாடையை முதலில் அடக்கிவிட்டு, அப்புறம்தான் அழகுக்கு வர வேண்டும்.

சுட்டுவிரலை வலது காது ஓட்டைக்குச் சற்று முன்னால் வைத்து, மெதுவாக வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தோலுக்கு அடியில் எலும்பு உருண்டை ஒன்று முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்கிப் போவது விரலுக்குத் தெரியும். அதுதான் தாடை மூட்டு. முழங்கை போலக் கதவுக் கீல் மாதிரி மட்டும் இது வேலை செய்வதில்லை, நகரவும் செய்கிறது. அந்த உருண்டைக்கும் மண்டையோட்டில் உள்ள குழிக்கும் நடுவே சின்ன மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. சிலருக்கு அந்தத் தட்டு கொஞ்சம் முன்னால் சறுக்கி நிற்கும். வாய் திறக்கும்போது உருண்டை அதன் விளிம்பைத் தாண்டி மேலே ஏறும். அந்த நேரத்தில் வருகிற சத்தம்தான் உங்கள் ‘டக்’.

இந்தச் சத்தம் நிறையப் பேருக்கு உண்டு. வலி இல்லாமல், வாயும் நன்றாகத் திறந்தால் அதற்கு ஒரு வைத்தியமும் தேவையில்லை. உங்களுக்கு வலி இருப்பதால்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் சொந்த விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவில் வையுங்கள். மூன்றும் போனால் சரி. ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், சாதாரண அளவுதான். என்றைக்காவது சத்தம் திடீரென்று நின்று, இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்காமல் போனால், தட்டு உருண்டைக்கு முன்னால் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ‘சத்தம் நின்றது நல்லதுதானே’ என்று இருந்துவிடாமல் அந்த வாரமே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உங்கள் வலி மூட்டில் இருந்து மட்டும் வருகிறது என்று நான் நினைக்கவில்லை. காலையில் இறுகியிருக்கிறது என்கிறீர்களே, அது தசை பேசுவது. இரண்டு கன்னத்திலும் கையை வைத்துப் பற்களைக் கடியுங்கள். கல் போல ஒன்று புடைக்கும். அதுதான் மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும். இரவில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும், பகலில் தெரியாமலே பல்லை இறுக்கி வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் தசைகள் ஓய்வே இல்லாமல் வேலை செய்கின்றன. வகுப்பில் நாள் முழுக்கச் சத்தமாகக் கதைக்கிறீர்கள், இரவில் குனிந்து கொப்பி திருத்துகிறீர்கள், கல்யாண யோசனை ஒரு பக்கம். இதோடு நம் மலைக்குளிரும் சேருகிறது. விடிகாலைப் பனியில் தோளைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் நடக்கிறோம். குளிர் மூட்டுக்குள் புகுந்துவிட்டது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். குளிரில் இறுகுவது தசைதான்.

இனி அந்தக் ‘கடி’ விஷயம், அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்துகிற விதம். கடி சரியில்லாததால்தான் தாடை வலிக்கிறது என்று ஒரு காலத்தில் பல் வைத்தியர்களே நம்பினார்கள், பல்லை ராவிக் கடியைத் திருத்தினார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமானது என்று காட்டின. ராவியதால் வலி போனது என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. கடியையோ பற்களையோ நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகளைத் தாடை வலிக்காகச் செய்யாதீர்கள் என்றுதான் அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனமும் சொல்கிறது. பல்லுக்கு கம்பி கட்டினால் தாடை வலி தீரும் என்பதும் இதே மாதிரிக் கதைதான்.

ஒரு முழு உறை போட, பல்லைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை ராவ வேண்டும். பல்லின் மேல் இருக்கிற எனாமல் திரும்ப முளைக்காது. ராவிய பற்களில் சிலவற்றுக்கு உள்ளே நரம்பு செத்து, வேர்ச் சிகிச்சை வரைக்கும் போகும். நல்ல உறைக்குக்கூட 10, 15 வருடம்தான் ஆயுள். உங்களுக்கு 26 வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை தடவை மாற்ற வேண்டி வரும்? பல்லைக் கடிக்கும் பழக்கம் இருக்கிற ஒருவருக்குப் பீங்கானில் செய்த எதுவும் சீக்கிரம் விண்டுவிடும். இதில் வாயை ஆவென்று திறந்துகொண்டு மணிக்கணக்கில் நாற்காலியில் படுத்திருக்க வேண்டும். வலிக்கிற தாடைக்கு அதுவே ஒரு தண்டனை. சொத்தை இல்லாத ஆறு நல்ல பற்களை இதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, தாடைக்கு என்ன செய்வது? முதல் வைத்தியம் நாக்கில் இருக்கிறது. உதடு சேர்ந்திருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேலே அண்ணத்தில் லேசாகப் படட்டும். ‘ன’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே போகிறதோ அதுதான் அதன் இடம். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் பற்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. கரும்பலகையின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் ‘பல்லைக் கடித்திருக்கிறேனா?’ என்று பாருங்கள். இரண்டு நாளில் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு தடவை பிடிபடும்.

இரண்டாவது, ரொட்டி. காலையில் லயத்தில் சுடுகிற கோதுமை ரொட்டி ஆறினால் தோல் மாதிரி இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பிய்த்து மெல்லுகிற வேலையை நாலு வாரத்துக்குத் தாடைக்குக் கொடுக்காதீர்கள். ரொட்டிதான் வேண்டும் என்றால் சுடச்சுட, சின்னத் துண்டுகளாகப் பிய்த்து, பருப்பிலோ குழம்பிலோ ஊறவைத்துச் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, இடியப்பம், அவித்த கிழங்கு தாராளமாகச் சாப்பிடலாம். இரண்டு பக்கமும் மெல்லுங்கள். சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி வரும்போது முஷ்டியை நாடிக்கு அடியில் முட்டுக்கொடுங்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கதைப்பதையும் விடுங்கள்.

இரவில் துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கன்னத்தில் 15, 20 நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். அதன் பிறகு நாக்கு நுனியை அண்ணத்தில் வைத்தபடியே, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு முறை போதும். இந்தப் பயிற்சியை மட்டும் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை செய்யலாம். வலித்தால் நிறுத்துங்கள். வலி அதிகமான நாட்களில் பெனடோல் போதும். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லாவிட்டால் ஐபுபுரோபன் சில நாளைக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, டொக்டரிடம் கேட்டு எடுக்கலாம். மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குறைந்துவிடும். குறையாவிட்டால், இரவில் போட்டுக்கொள்ளும் பல் தட்டு ஒன்று செய்யலாம். உங்கள் பல்லுக்கு அச்சு எடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் செய்வது அது. பல்லில் ஒரு துளியும் ராவ வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம், அதனால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை. கடையில் விற்கிற, வெந்நீரில் போட்டுக் கடிக்கிற மெத்தென்ற தட்டை வாங்காதீர்கள். சிலருக்கு அது இன்னும் அதிகமாகக் கடிக்கச் சொல்லும்.

தாடை வலி எல்லாமே இந்த மூட்டு வலி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏற்றம் ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் போகிற தாடை வலி இதயத்தில் இருந்து வரலாம். காலில் முள்ளோ ஆணியோ குத்திச் சில நாளில் வாய் இறுகினால் அது ஏற்புவலியாக (டெட்டனஸ்) இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காய்ச்சலும் கன்ன வீக்கமுமாக வாய் திறக்காவிட்டால் ஞானப்பல்லில் சீழ் பிடித்திருக்கலாம்.

இனி உங்கள் சிரிப்பு. மஞ்சளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் அதிகம், அங்கே பிள்ளைகள் பலருக்குப் பல்லிலேயே பழுப்புத் திட்டு வந்துவிடும். நம் மலைத் தண்ணீர் அப்படி இல்லை. நமக்குப் பெரும்பாலும் தேத்தண்ணிக் கறைதான், அது பல்லின் மேலே இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கிலேயே ஸ்கேலிங் செய்து சுத்தம் பண்ணினால் பாதி வேலை முடிந்தது. அடுப்புக்கரியும் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்க்காதீர்கள். அது கறையோடு எனாமலையும் கொண்டுபோகும், கொஞ்ச நாளில் பல் இன்னும் மஞ்சளாகத் தெரியும், கூச்சமும் வரும்.

தாடை அடங்கிய பிறகு, இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று தோன்றினால், பல் வைத்தியர் தருகிற ஜெல்லில் வெளுக்கச் செய்யலாம். சில நாள் பல் கூசும், போய்விடும். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். வெளுத்து இரண்டு வாரம் கழித்து, இடைவெளியின் இரண்டு பக்கமும் கொம்பொசிட் என்கிற, பல் நிறத்தில் இருக்கிற அடைக்கும் பொருளை வைத்து அடைக்கலாம். இதில் பல்லை ராவுவது அநேகமாகக் கிடையாது, ஒட்டுவதுதான். ஒரே தடவையில் முடிந்துவிடும். சில வருடங்களில் தேத்தண்ணிக் கறை அதிலும் ஏறும், மெருகு போட வேண்டி வரும். உடைந்தாலும் கீழே உங்கள் சொந்தப் பல் அப்படியே இருக்கும். வெளுப்பது முதலில், ஒட்டுவது பிறகு. மாற்றிச் செய்தால் நிறம் பொருந்தாது, கொம்பொசிட் வெளுக்காது. ஐந்து மாதம் இதற்கெல்லாம் தாராளம். முன்பல் இடைவெளி உங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டும் முடிவெடுங்கள். நான் பார்த்த எத்தனையோ பெண்களுக்கு அது அழகாகவே இருந்தது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அம்மாவைப் பற்றிய வரிதான். அவருக்கு வந்திருப்பது உங்களுக்கு வந்தது இல்லை என்றே நினைக்கிறேன். அவர் வெற்றிலை போடுபவரா என்று நீங்கள் எழுதவில்லை. மலையில் பசிக்கும் குளிருக்கும் இடுப்பில் ஒரு வெற்றிலைப் பை இல்லாத கொழுந்துக்காரியை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பாக்கு பல வருடம் கன்னத்தில் அடங்கிக் கிடந்தால், உள்தோல் வெளிறி, இறுகி, நார் நாராகக் கயிறு மாதிரி ஆகிவிடும். அப்போது வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். தாடை மூட்டில் குறை என்று வந்த ஓர் அம்மாவின் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். பனை ஓலைப் பாய் மாதிரி விறைப்பாக இருந்தது. மூட்டில் ஒரு குறையும் இல்லை.

இன்றைக்கே வெயில் வெளிச்சத்தில் அம்மாவை உட்கார வைத்துப் பாருங்கள். சம்பல் காரம் பட்டால் வாய் எரிகிறதா? கன்னத்தை ஊதச் சொன்னால் ஊத முடிகிறதா? நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். இந்த இறுக்கம் பின்னாளில் வாய்ப் புற்றுநோயாக மாறலாம். புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே என்று அவர் சொன்னால், பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருப்பதைச் சொல்லுங்கள். இறுகியது பழையபடி முழுக்கத் தளராது. ஆனால் இன்று பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையும், பயிற்சியாலும் ஊசியாலும் வாயைக் கொஞ்சம் திறக்க வைக்க முடியும்.

பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிதான், பார்க்கக் காசில்லை. உங்கள் தாடையையும் அங்கேயே காட்டலாம். ஹட்டனில் கோச்சி ஏறினால் பேராதனையில் இறங்கலாம். “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போயிட்டு வா” என்று அம்மா சொல்லக்கூடும். உங்களுக்குத் துணையாக வரச் சொல்லியாவது கூட்டிப்போய், அங்கே பதிவுத் துண்டு எடுக்கும்போது இரண்டு பேர் பெயரையும் கொடுங்கள்.