ஜனவரியில் தில்லி வழியாக மணாலி: மூடுபனியும் உறைபனியும்

ஜனவரி இரண்டாம் வாரத்தில் தில்லியிலிருந்து இரவு 10 மணிக்குக் காரில் கிளம்பி மறுநாள் மணாலி சேரலாமா, 68 வயது அம்மாவும் உடன் வருகிறார் என்று கேட்டிருந்தீர்கள். இரவுப் பயணத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

மலையைவிடச் சமவெளிதான் எனக்குக் கவலை தருகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறு என்னும் குளிர்கால மழைமேக அமைப்பு கடக்கும்போது மணாலியில் பனியும் பஞ்சாப், ஹரியானாவில் மழையும் பெய்யும். அது நகர்ந்தபின் வானம் தெளிந்து, காற்று ஓய்ந்து, ஈரத்தரை இரவில் வேகமாகக் குளிர்வதால், அம்பாலா வரையிலான நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கிவிடக்கூடும். ஆகவே காலை 10 மணிக்குமேல் புறப்பட்டு, இருட்டுவதற்குள் சண்டிகரில் தங்கி, மறுநாள் மலையேறுங்கள்.

மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதைக்குப் போகும் சாலையில், பகலில் உருகிய பனிநீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்து, காலையில் வெறும் ஈரத்தார் போலவே தோன்றும். அம்மாவை அங்கே இறக்கி நடக்கவிடாதீர்கள்.

பல வாரங்களுக்கு முன்பே தேதி குறித்துச் சொல்லும் கணிப்புகளை நம்ப வேண்டாம். புறப்படுவதற்கு 3 நாள் முன்பிருந்து, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிம்லா மையம் வெளியிடும் மாவட்ட எச்சரிக்கைகளைப் பாருங்கள். மணாலி இருக்கும் குல்லு மாவட்டத்திற்கு ஆரஞ்சு நிற எச்சரிக்கை காட்டினால், சண்டிகரிலேயே இன்னொரு நாள் இருந்துவிடுங்கள்.